பர்மனென்ட், கான்ட்ராக்ட்: பணிப் பாதுகாப்பு உண்மையில் எதில் இருக்கிறது?

"பர்மனென்ட் ஆயிட்டா இனிமே கவலையில்லை." "கான்ட்ராக்ட்தானே, நாளைக்கே போகச் சொல்லிடுவாங்க." வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த இரண்டில் ஒன்று காதில் விழாமல் போகாது. இரண்டிலும் பாதிதான் உண்மை. முதலாவதை முழுசாக நம்பியவர்கள், ஆட்குறைப்பு நாளில் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து யோசிக்கிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள், சட்டம் தங்களுக்குக் கொடுத்திருப்பதைக்கூடக் கேட்காமல் போய்விடுகிறார்கள். இந்தியச் சட்டத்தில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், இந்த இரண்டு சொற்களுக்கும் என்ன பொருள் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் ஒரு வாடகை வீடு

நிரந்தர வேலையைச் சொந்த வீடு மாதிரி நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வேலை யாருக்கும் சொந்தமில்லை. எல்லோரும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்தான். யாரை எவ்வளவு சுலபமாகக் காலி செய்யச் சொல்லலாம் என்பதில்தான் வித்தியாசம்.

நிரந்தர ஊழியர் பழைய குடித்தனக்காரர் மாதிரி. கடைசித் தேதி என்று ஒன்று இல்லை. காலி செய்யச் சொல்ல வேண்டுமென்றால் வீட்டுக்காரர் காரணம் சொல்ல வேண்டும், நோட்டீஸ் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் கோர்ட்டிலும் பதில் சொல்ல வேண்டும். குறித்த கால ஊழியர் பதினொரு மாத அக்ரிமென்ட் போட்டவர். தேதி முடிந்தால் யாரும் காலி செய்யச் சொல்ல வேண்டியதில்லை, அக்ரிமென்டே சொல்லிவிடும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் உள்வாடகைக்கு இருப்பவர். அவர் தினமும் திறப்பது அந்த வீட்டுக் கதவைத்தான், ஆனால் வீட்டுக்காரர் கேட்டால் "இவரை எனக்குத் தெரியாது" என்பார்.

பணிப் பாதுகாப்பு என்பது, ஒருவரை வேலையை விட்டு அனுப்ப நிர்வாகம் தாண்ட வேண்டிய தடைகள் எத்தனை, எவ்வளவு உயரம் என்பதுதான். சொல்ல ஒரு காரணம், கடைப்பிடிக்க ஒரு நடைமுறை, கொடுக்க வேண்டிய பணம், தப்பு நடந்தால் ஊழியர் போய்க் கேட்க ஓர் இடம்: இந்த நான்கும் சேர்ந்ததே தடை. நியமன ஆர்டரில் "பெர்மனென்ட்" என்று அச்சிட்டிருப்பது மட்டும் தடையாகாது.

கான்ட்ராக்ட் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விதம்

"கான்ட்ராக்ட்ல இருக்கேன்" என்று சொல்பவரிடம் அடுத்துக் கேட்க வேண்டியது, "யாரோட கான்ட்ராக்ட்?"

நிறுவனமே நேரடியாக, தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்டு வேலைக்கு எடுத்திருந்தால் அது குறித்த கால வேலை. இவர் அந்த நிறுவனத்தின் ஊழியரே. அதே வேலை செய்யும் நிரந்தர ஊழியருக்கு உள்ள சம்பளம், வேலை நேரம், படிகள் எல்லாம் இவருக்கும் உண்டு. ஒன்றுதான் இல்லை: தேதி முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது. 1984-இல் தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவு முதன்முதலில் இப்படிச் சொன்னது. பழைய தொழில் சட்டங்களை ஒன்றாக்கிய இன்றைய தொழில் உறவுகள் தொகுப்பிலும் அது தொடர்கிறது.

இடையில் ஓர் ஒப்பந்தக்காரர் இருந்து, அவர் ஆட்களை அனுப்பி, அவரே சம்பளமும் கொடுத்தால் அது ஒப்பந்தத் தொழிலாளர் முறை. வேலை நடக்கும் நிறுவனத்தைச் சட்டம் முதன்மை வேலையளிப்பவர் என்கிறது. மின்வாரியம், நெய்வேலி சுரங்கம், மாநகராட்சித் துப்புரவு என்று நாம் செய்தியில் பார்க்கும் "பணி நிரந்தரம்" போராட்டங்களில் பெரும்பாலானவை இந்த வரிசை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு துப்புரவுத் தொழிலாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்ததற்கும், இரண்டு மண்டலங்களின் வேலை தனியாரிடம் போனதுதான் காரணம். செய்யும் வேலையும் கூட்டும் தெருவும் அப்படியே இருக்க, முதலாளி மட்டும் மாறுவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மூன்றாவது, கன்சல்டன்ட் அல்லது ஃப்ரீலான்சர். இன்வாய்ஸ் போட்டுப் பணம் வாங்குபவர், பி.எஃப் கிடையாது. சட்டத்தின் கண்ணில் இவர் ஊழியரே அல்ல, சேவை விற்பவர். காலையில் ஒன்பது மணிக்குப் பஞ்ச் வைத்து, லீவுக்கு அனுமதி கேட்டு, ஒரே நிறுவனத்துக்கு மட்டும் வேலை செய்தும் "கன்சல்டன்ட்" என்ற பெயரில் இருப்பவர்கள் ஏராளம். அவர்கள் தங்கள் நிலையை வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

இதுவரை பார்த்தது: பாதுகாப்பு என்பது அனுப்புவதற்கான தடை. கான்ட்ராக்ட் என்பது ஒன்றல்ல, மூன்று. அவற்றில் எது உங்களுடையது என்று தெரிந்தபிறகுதான் மற்றதெல்லாம்.

நிரந்தர ஊழியரை எப்படி அனுப்ப முடியும்?

அனுப்ப முடியும். அதற்கு இரண்டு வழி.

ஒன்று, தவறு செய்தார் என்று அனுப்புவது. இதற்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை (எல்லோரும் சொல்லும் "சார்ஜ் மெமோ") கொடுத்து, பதில் வாங்கி, உள்விசாரணை நடத்தி, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டு, பிறகே தண்டனை கொடுக்க வேண்டும். விசாரணைக் காலத்தில் சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி பிழைப்பூதியமாகத் தர வேண்டும். இந்தப் படிகளில் ஒன்று தவறினாலும் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிர்வாகத்தின் வழக்கு ஆட்டம் காணும்.

இன்னொன்று ஆட்குறைப்பு. ஊழியர் மீது தப்பில்லை, ஆள் அதிகம் என்று அனுப்புவது. ஓராண்டு தொடர் பணி முடித்த தொழிலாளருக்கு எழுத்தில் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. ஆறு மாதத்துக்கு மேலுள்ள மிச்சமும் ஓராண்டாகவே கணக்கு. வழக்கமாகக் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும், மாற்றினால் காரணம் எழுத வேண்டும். பிறகு அந்த இடத்துக்கு ஆள் எடுத்தால் அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை. பெரிய தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் என்றால் அரசின் முன் அனுமதியும் வேண்டும். அந்த "பெரிய" என்ற அளவு முன்பு 100 தொழிலாளர்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புகளில் அது 300 ஆகிவிட்டது. 150 பேர் வேலை செய்யும் ஆலையில் இருப்பவருக்கு ஆர்டரில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் நான்கு தடைகளில் ஒன்று உயரம் குறைந்துவிட்டது.

"தொழிலாளர்" யார்? பலர் சறுக்கும் இடம் இது

மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம் சட்டம் வரையறுக்கும் "தொழிலாளருக்கு" மட்டும். உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை போன்றவற்றைச் செய்பவர் தொழிலாளர். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அல்ல. மேற்பார்வை வேலை செய்பவராக இருந்து, புதிய தொகுப்பின்படி மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அவரும் அல்ல. முன்பு இந்த வரம்பு 10,000.

விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதை நீதிமன்றம் பார்ப்பதில்லை, கை என்ன வேலை செய்கிறது என்று பார்க்கும். லட்ச ரூபாய் சம்பளத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் கோடு எழுதும் பொறியாளர் தொழிலாளர் ஆகலாம். நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு பத்துப் பேருக்கு லீவு கொடுத்து, அப்ரைசல் எழுதும் டீம் லீடர் ஆகாமல் போகலாம்.

மேலாளருக்கு முக்கியமாக மிஞ்சுவது நியமன ஆர்டரில் உள்ள நிபந்தனைகள். "இரு தரப்பும் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம்" என்று இருந்தால், மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். தனியார் நிறுவனத்தைப் பார்த்து "இவரைத் திரும்ப எடு" என்று உரிமையியல் நீதிமன்றம் பொதுவாகச் சொல்வதில்லை, இழப்பீட்டோடு நிற்கும். ஆகவே ஸ்பின்னிங் மில் ஃபிட்டருக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு, அதே மில்லின் ஜெனரல் மேனேஜருக்கு இல்லை. பதவி உயர்வைக் கொண்டாடும்போது இதை யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் இடையில் இன்னொரு தடுப்பு உண்டு. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் அனுப்பக்கூடாது. ஜவுளிக்கடை விற்பனையாளர் முதல் அலுவலகக் கணக்கர் வரை பலருக்கும் இது பொருந்தும்.

240 நாளும் 480 நாளும்

டீக்கடைப் பேச்சில் அதிகம் அடிபடும் எண் 240. "240 நாள் வேலை செஞ்சா பர்மனென்ட் பண்ணியே ஆகணும்" என்பார்கள். தப்பு. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது "ஓராண்டு தொடர் பணி" என்று எண்ணப்படும். அதனால் கிடைப்பது ஆட்குறைப்பு நோட்டீசும் இழப்பீடும், நிரந்தரம் அல்ல. சம்பளத்தோடு கூடிய வார விடுமுறை, பண்டிகை விடுமுறை நாட்களையும் 240-இல் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவற்றை விட்டுவிட்டு, ஹாஜரான நாளை மட்டும் எண்ணி, "218 நாள்தான் வருது" என்று சோர்ந்துபோகிறவர்கள் பலர்.

நிரந்தரத்தைத் தரும் எண் 480. அது தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சட்டத்தில் இருக்கிறது: தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டம், 1981. 24 காலண்டர் மாதங்களுக்குள் 480 நாள் தொடர் பணி முடித்த தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது இது. கட்டுமானப் பணிகளும் பருவகால நிறுவனங்களும் இதற்குள் வராது.

நடைமுறையில் இதைத் தாண்டத்தான் "பிரேக்" கொடுக்கிறார்கள். ஐந்து மாதம் வேலை, பத்து நாள் வீட்டில், பிறகு புது டோக்கன் நம்பரில் மறுபடி வேலை. அல்லது வருடா வருடம் ஒப்பந்தக்காரர் பெயர் மட்டும் மாறும். தொழிலாளரின் தவறால் அல்லாமல் வேலை நின்ற நாட்கள் தொடர்ச்சியை அறுக்காது என்று 1981 சட்டமே சொல்கிறது. நிரந்தரத் தகுதியைத் தராமல் இருப்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் ஒருவரைத் தற்காலிகமாக வைத்திருப்பது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று மத்தியச் சட்டமும் சொல்கிறது. ஆனால் இந்த உரிமை தானாக வீடு தேடி வராது. இத்தனை நாள் வேலை செய்தேன் என்பதை முதலில் காட்ட வேண்டியவர் தொழிலாளர்தான்.

சுருக்கமாக, 240 என்பது அனுப்பும்போது கிடைக்கும் பணத்துக்கான எண். 480 என்பது தமிழ்நாட்டில் நிரந்தரம் கேட்பதற்கான எண்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய், 7 ஆண்டு 7 மாதம் பணி என்று வைத்துக்கொள்வோம். சட்டக் கணக்கில் இது 8 ஆண்டு.

நிரந்தரத் தொழிலாளரை ஆட்குறைப்பில் அனுப்பினால், நோட்டீசுக்குப் பதிலான சம்பளம் 26,000. இழப்பீட்டை ஆண்டுக்கு அரை மாதம் என்று எளிமையாக எடுத்தால் 13,000 பெருக்கல் 8, அதாவது 1,04,000. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) சூத்திரம் வேறு: சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். இங்கே ஆண்டுக்கு 15,000, மொத்தம் 1,20,000. புதிய தொகுப்பின்படி, வேலை இழந்தவர் புதுத் திறன் கற்க நிர்வாகம் கட்டும் மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் சம்பளம், சுமார் 13,000. கூட்டினால் 2,63,000 ரூபாய். பி.எஃப் இதில் சேராது, அது எப்படியும் அவருடைய பணம்.

அதே சம்பளத்தில் இரண்டு ஆண்டுக் குறித்த கால ஒப்பந்தம் முடிந்து வெளியே வருபவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. ஆனால் பணிக்கொடை உண்டு: 30,000. நிரந்தர ஊழியர் விலகும்போது பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு வேண்டும். குறித்த கால ஊழியருக்குப் புதிய தொகுப்பில் ஓராண்டு போதும். இந்த ஓர் இடத்தில் மட்டும் கான்ட்ராக்ட் ஊழியர் முந்துகிறார். இது தெரியாமல் "நமக்கேது கிராஜுவிட்டி" என்று போய்விடுகிறவர்கள் உண்டு.

அரசு வேலை வேறு உலகம்

"நிரந்தரம்" என்ற சொல்லுக்கு நம் மனதில் இருக்கும் கனம் அரசு வேலையிலிருந்து வந்தது. அரசின் குடிமைப் பணியாளரை விசாரணை இல்லாமல் நீக்கக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆம் பிரிவே சொல்கிறது. தனியாரில் எந்த நிரந்தர ஊழியருக்கும் இந்தக் கவசம் இல்லை.

அதே அரசில் தொகுப்பூதியத்தில் இருப்பவரின் நிலை தலைகீழ். 2006 உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாகச் சேர்ந்தவர்கள், எத்தனை ஆண்டு வேலை செய்தாலும் அதை வைத்து நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. அனுமதிக்கப்பட்ட இடங்களில் நீதிமன்ற உத்தரவின் துணையில்லாமல் பத்தாண்டு முடித்தவர்களுக்கு மட்டும் ஒருமுறை விலக்கு கொடுத்தது. அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, நிரந்தர வேலைகளுக்கே தற்காலிக ஆட்களை வைத்துக் காலம் ஓட்டுவதை 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் கண்டித்தது. சம்பள விஷயத்தில் 2016 ஜக்ஜித் சிங் வழக்கு முக்கியம்: ஒரே வேலை செய்யும் தற்காலிக ஊழியருக்கு, நிரந்தர ஊழியரின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்ச அளவாவது கிடைக்க வேண்டும்.

உள்வாடகைக்காரர் வீட்டுக்காரரிடம் கேட்க முடியுமா?

சம்பளத்தைப் பொறுத்தவரை முடியும். ஒப்பந்தக்காரர் கொடுக்காமல் ஓடிவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும்.

வேலையைப் பொறுத்தவரை கடினம். 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு பணியில் ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் தொழிலாளர்கள் தானாக நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிட மாட்டார்கள் என்றது. ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தது: ஒப்பந்தமே வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் அவர்கள் நிறுவனத்தின் நேரடி ஊழியர்களே. அதை எப்படி நிரூபிப்பது? லீவு யார் கொடுத்தார், ஷிஃப்ட் யார் போட்டார், மெமோ யார் கையெழுத்தில் வந்தது, கருவி யாருடையது, ஒப்பந்தக்காரர் மாறியபோதும் ஆட்கள் அப்படியே இருந்தார்களா என்று பார்ப்பார்கள். நிறுவனத்தின் சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் "நாளை நைட் ஷிஃப்ட் வா" என்று போட்ட ஒரு வரி, இங்கே பெரிய அட்டவணைகளைவிட அதிகம் பேசும்.

இன்றே பார்க்க வேண்டியவை

நியமன ஆர்டர் கையில் இருக்கிறதா? புதிய தொகுப்பின்படி எல்லாத் தொழிலாளருக்கும் அது கொடுக்கப்பட வேண்டும். பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்து, நிறுவனத்தின் பெயர் என்ன என்று பாருங்கள். நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் முதலாளியின் பெயர் அங்கே இல்லாமல் போகலாம். யு.ஏ.என் எண் (நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப் அடையாள எண்) ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ஒப்பந்தக்காரர் மாறும்போது புது எண் போட்டால் பணி வரலாறு துண்டாகும், பத்தாண்டு வேண்டிய பி.எஃப் பென்ஷனும் சிக்கலாகும். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் படம், அடையாள அட்டையின் இரு பக்கம் எல்லாம் அலுவலக மெயிலில் அல்லாமல் சொந்த மெயிலில் இருக்க வேண்டும். வேலை போகும் நாளில் முதலில் போவது அலுவலக மெயில்தான்.

"நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, நல்லபடியா ரிலீவிங் லெட்டர் தர்றோம்" என்றால், அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா செய்தவர் ஆட்குறைப்புக்கு ஆளானவர் அல்ல. மேலே போட்ட கணக்கில் நோட்டீஸ் சம்பளம், இழப்பீடு, மறுதிறன் நிதி மூன்றும், அதாவது 1,43,000 ரூபாய், அந்த ஒரு கையெழுத்தில் போய்விடும். ஒருநாள் அவகாசம் கேளுங்கள். "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி உள்ள செட்டில்மென்ட் தாளையும் அப்படியே வாசித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

வாயால் "நாளையிலிருந்து வராதே" என்று சொன்னால், அன்றே மெயிலிலோ ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலிலோ எழுதிவிடுங்கள்: இன்ன தேதியில் என்னை உள்ளே விடவில்லை, நான் வேலைக்கு வரத் தயார். இதை எழுதாவிட்டால் பின்னால் நிர்வாகம் "அவரே வராமல் நின்றுவிட்டார்" என்று சொல்லும், பெரும்பாலான வழக்குகளில் அப்படித்தான் சொல்கிறது. வேலை முடிந்தவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள்ளும், பணிக்கொடையை முப்பது நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும்.

அடுத்த படி, உங்கள் மாவட்டத்தின் தொழிலாளர் துறையில் சமரச அதிகாரியிடம் மனு. வெள்ளைத்தாளில் எழுதினாலும் போதும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இதற்கு முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, புதிய தொகுப்பில் இரண்டு ஆண்டுதான். வேலை போன தேதியிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுங்கள்.